நலம் என்று வருகிறது

செரி மங்கிஸ் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த ஆண்டு எண்பத்தாறா எண்பத்தேழா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. அதற்கு ஏர்கோன் வந்ததில் மட்டும் சண்டை கிடையாது. லயத்து வீட்டுக்கு ஒரு மின்விசிறி கேட்டு நாங்கள் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். கம்ப்யூட்டர் லோரியை விட்டு இறங்குவதற்கு முன்பே அதற்கு இரண்டு ஏர்கோன் பொருத்தி, அறையைக் குளிரவைத்து, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். சூடு பட்டால் அதற்கு மூளை கலங்கிவிடுமாம். எங்களுக்கும் அப்படி ஆகக்கூடும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியதில்லை.

ஆபீசின் பின்பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. அதற்குள் பீரோ அளவில் பெரிய கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ளவும் அதில் தகவலை ஏற்றவும் கந்தையா என்ற கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு குறைவு. தூசி ஆகாது என்பதால் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போவார். ஆபீசின் முன்பக்கம் கவுண்டரில் டிவி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதன் முன்னால் சந்திரிகா. கேட்க வருகிறவர்கள் சந்திரிகாவிடம் கேட்பார்கள். அவள் சின்னப் பெட்டியில் தட்டுவாள். சின்னப் பெட்டி ஒரு வயர் வழியாகப் பெரியதைக் கேட்கும். பெரியது சொல்கிற பதில் திரையில் ஆங்கிலத்தில் வரும், சந்திரிகா அதைத் தமிழில் சொல்வாள்.

இவ்வளவு சுற்று எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கேள்வி எப்போதும் அப்படித்தான் ஏறும். வெட்டுக்காரன் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்வான், மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். பதிலும் அதே படிகளில் இறங்கி வரும். ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்கும் வழக்கம் கிடையாது. கேட்டால் துரையின் சொல்லை நம்பாதவன் என்று அர்த்தம். கேட்காமலே துரை ஒரு பதில் சொல்லும் வழக்கமும் கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் போய் வெகுகாலம் ஆன பிறகும் இந்த வழக்கத்துக்கு மட்டும் சுதந்திரம் கிடைக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து பாலன் என்ற இளைஞர் வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தார். தோட்டத்தின் நிர்வாக அதிகாரி தர்மலிங்கத்துக்கு அவர் விளக்கியதைக் கவுண்டரில் நின்ற நாங்களும் கேட்டோம்.

"ஒருத்தர் கேட்ட கேள்விக்கு வந்த பதில, முன்னால இருக்கிற பெட்டி கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும் சார். அடுத்த ஆளும் அதையே கேட்டா, பின்னால போகாம அங்கேயே சொல்லிடும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பழசத் தூக்கிப் போட்டுட்டுப் பின்னால புதுசா கேட்கும்."

தர்மலிங்கம் முகம் சுருங்கியது. "மணிக்கொரு தரம் போய் அதே கேள்வியைக் கேட்பதா? பெரிய கம்ப்யூட்டர் நம்மைப் பற்றி என்ன நினைக்கும், தம்பி?"

"அது ஒண்ணும் நினைக்காது சார்."

"நினைக்காது என்பதற்காக மரியாதை இல்லாமல் நடக்கலாமா? ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான். பதிலை நிரந்தரமாக வைத்திருக்கும்படி மாற்றிவிடுங்கள்."

"அப்ப ஒண்ணு செய்யலாம் சார். பின்னால தகவல் மாறினா அது தானாவே முன்னால சொல்ற மாதிரி வச்சிடலாம்."

"யாரும் கேட்காமல் மேலிடம் கீழே வந்து சொல்வதா?" தர்மலிங்கம் சிரித்தார். பாலன் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றிக் கொடுத்துவிட்டு, ராசா என்ற ஊரில் இன்னொரு தோட்டம் காத்திருக்கிறது என்று பைக்கைக் கிளப்பினார்.

திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். பெரியதற்குச் சந்தனம் வைக்க வந்த பண்டாரத்தைக் கந்தையா கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், கண்ணாடிக்குத்தான் சந்தனம் கிடைத்தது. தர்மலிங்கம் பேசினார்: "இத்தனை காலம் உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் எத்தனையோ பேர் நின்றார்கள். இன்றோடு அந்தக் காலம் ஒழிந்தது. இனி உங்களுக்கும் எனக்கும் நடுவில் கம்ப்யூட்டர் மட்டுமே இருக்கும். உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சின்னப் பெட்டி மட்டுமே இருக்கும். உங்களுக்கும் சின்னப் பெட்டிக்கும் நடுவில் சந்திரிகா மட்டுமே இருப்பார். சந்திரிகாவிடம் வருவதற்கு முன் மண்டோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்." நாங்கள் கை தட்டினோம். தட்டாதவர்களுக்குச் சாப்பிட மீகூன் நூடுல்ஸ் பொட்டலம் கிடையாது என்று ஒரு வதந்தி இருந்தது.

முதலில் தண்ணீர்க் குழாயில்தான் வேடிக்கை தொடங்கியது. மேட்டு லயத்தில் குடியிருக்கும் வீரன், இன்றைக்குத் தண்ணீர் வருமா என்று போய்க் கேட்டான். அன்றைக்கு வந்தது. அதனால் பதில் 'வரும்'. அடுத்த வாரம் பம்பு பழுதாகிக் குழாய் காய்ந்து கிடந்தபோது மேட்டு லயமே போய்க் கேட்டது. 'வரும்' என்றுதான் வந்தது. பெண்கள் தண்ணீர் தூக்கி இடுப்பொடிந்த பிறகு தர்மலிங்கம் நேரில் வந்து குழாயைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்கிறது. குழாய்தான் ஒத்துழைக்கவில்லை" என்றார். குழாய் மேல் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தைப்பூசம். லீவு நாளான அன்று, இன்றைக்கு வேலை உண்டா என்று யாரோ கேட்க, 'இல்லை' என்று வந்தது. மறுநாள் காலையிலும் கேட்டார்கள், 'இல்லை'. தோட்டமே திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது. எண்ணெய்க்கு வெட்டிய செம்பனைக் குலைகள் மரத்தடியில் கிடக்க, மில் லோரி காலியாகத் திரும்ப, தர்மலிங்கம் வியர்த்துப்போய்க் கோலாலம்பூருக்குப் போன் போட்டார். பாலன் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். வேலை உண்டா என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முன்பெட்டி எதையும் ஞாபகம் வைக்காமல் ஒவ்வொரு தரமும் பின்னால் போய்க் கேட்கும்படி மாற்றினார். டீ குடித்து முடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

"மத்ததையும் இப்படியே மாத்திடட்டுமா சார்? அஞ்சு நிமிசம்தான்."

"வேண்டாம். மற்றதெல்லாம் ஜனங்களுடைய சொந்த விஷயம்தானே" என்றார் தர்மலிங்கம்.

அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குள் இன்னும் பேச்சாக இருக்கிறது.

உடையப்பன் குலை வெட்டுகிறவன். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டி வெட்டிக் கழுத்து பின்னால் சாய்ந்தே போயிருக்கும். அதனால் யாரோடு பேசினாலும் வானத்தைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். மனைவி கலாவதி. பிள்ளைகள் இல்லை. கலாவதி வளர்த்த ஆடு ஒன்று அப்போது சினையாக இருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் இருக்கும் சண்டை சச்சரவு அவர்கள் வீட்டில் கேட்டதில்லை. மாலையில் கலாவதி வாசலில் உட்கார்ந்து அவன் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதைப் பார்த்து மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவார்கள்.

கலாவதிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தோட்டத்து வேன் அவளை டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. கூடப் போகிறேன் என்று உடையப்பன் வேனில் ஏறியபோது மண்டோர் இருசப்பன் தோளைப் பிடித்து இறக்கினார்.

"குலை அழுகிக்கிட்டுக் கெடக்குது, நீ எங்கடா போற? ஆஸ்பத்திரியிலேருந்து தெனமும் ஆபீசுக்குப் போன் பண்ணுவாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திருவாங்க. சாயங்காலம் போய்க் கேட்டுக்க. கவலைக்கிடம்னு வந்துச்சுன்னா நானே லீவுச் சீட்டு வாங்கித் தாரேன். நலம்னு வந்தா ஞாயித்துக்கெழம போய்ப் பாரு."

சட்டம் அப்படித்தான் இருந்தது. வேன் கிளம்பும்போது கலாவதி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். உடையப்பன் வேனோடு கொஞ்ச தூரம் ஓடினான்.

அன்று மாலை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனான்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரி எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா."

சந்திரிகா தட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. "நலம்னு வருது அண்ணே. கவலப்படாம போங்க லா."

உடையப்பன் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். சந்திரிகாவையும் கும்பிட்டான். கண்ணாடியின் பக்கம் திரும்பி, உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கந்தையாவையும் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் போனான். ஒவ்வொரு மாலையும் நலம். பெரியதைக் கேட்கும்போது மினுங்கும் சிவப்பு விளக்கு இப்போது மினுங்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தாலும் எங்களுக்கு என்ன புரியும்? நலம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு அவன் திரும்பி வருகிற நடையே தனி. வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்வான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். தஞ்சோங் காராங் கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பச்சையில் ஒரு கைலி வாங்கி வந்தான். ஆப்பரேஷன் முடிந்தவளுக்குப் புடவை இறுக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

நடுவில் ஒருநாள் மாத்திரம் அவனுக்கு என்னவோ போல் இருந்திருக்கிறது. இருசப்பனிடம் போய் நின்றான். "மண்டோர், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேனே. மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"கம்ப்யூட்டர் என்னா சொல்லுது?"

"நலம்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்னாடா ஒனக்கு? பல லட்சம் போட்டு வாங்குன மெசினு பெருசா, ஒன் மனசு பெருசா?"

உடையப்பன் தன் மனசைச் சிறியதென்று ஒத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை மாலையும் நலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைக் கைலியையும் அவளுடைய சீப்பையும் ஒரு தூக்கில் கஞ்சியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனான். அவளுடையது என்று காட்டிய கட்டிலில் வேறொரு பெண் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் விளங்கவில்லை. கட்டில் மாறிவிட்டது, நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேற்றுச் சாயங்காலம்கூட நலம் என்று வந்தது என்று அவளுக்கு மலாயில் எடுத்துச் சொன்னான். அவள் அவன் கையை விடவே இல்லை. கலாவதி வெள்ளிக்கிழமையே போய்விட்டாள். பிணவறையில் காட்டிய பிறகும், இதை ஆபீசில் ஒரு தரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றானாம்.

தோட்டத்துச் சுடுகாட்டில் அவளை எரித்தோம். பச்சைக் கைலியை மேலே போர்த்தினான். கொள்ளி வைக்கும்போதுகூட அவன் அழவில்லை. எங்களால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மாலை மொட்டைத் தலையோடு கவுண்டருக்கு வந்து நின்றான்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரி எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா."

சந்திரிகாவும் சாவு வீட்டுக்கு வந்திருந்தவள்தான். அவள் கை தானாகத் தட்டிவிட்டது. திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தர்மலிங்கத்தின் அறைக்கு ஓடினாள்.

தர்மலிங்கம் வந்து திரையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "இதில் தவறு ஒன்றும் இல்லை. முதல் நாள் கேட்டபோது அந்த அம்மாள் நலமாகத்தான் இருந்தார். கம்ப்யூட்டர் அதை உண்மையாகச் சொன்னது. அதன் பிறகு நலம் குன்றியதற்கு நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும்?"

விஷயம் கோலாலம்பூர் வரைக்கும் போய்விட்டது. தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் பாலன் மறுபடியும் வந்து, முன்பெட்டி எந்தப் பதிலையும் ஞாபகம் வைக்காதபடி மாற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு டீ வேண்டாம் என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

பெரியவர்கள் வந்த அன்று மறுபடியும் வாழைமரம். உடையப்பனை முதல் வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தர்மலிங்கம் பேசினார்.

"ஒரு சிறு குறை இருந்தது. இன்று அது களையப்பட்டது. திரு. உடையப்பன் அவர்களுடைய ஒத்துழைப்பு இல்லாமல் இந்தக் குறை நம் கண்ணில் பட்டிருக்காது. அவருக்கு ஏற்பட்ட இழப்பு நம் எல்லாருக்கும் ஏற்பட்ட முன்னேற்றம். இப்போது அவரே வந்து அதே கேள்வியைக் கேட்பார். சரியான பதில் வருவதை நீங்கள் பார்க்கலாம்."

உடையப்பனைக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"கேளுங்கள், உடையப்பன். பயப்படாமல் கேளுங்கள். இப்போது சரியாகச் சொல்லும்" என்றார் தர்மலிங்கம்.

சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணே, வேணாம்னா விட்டுடுங்க அண்ணே" என்று அவள் முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது.

உடையப்பன் வாயைத் திறந்தான். "அவ என்னையக் கேட்டாளான்னு கேளும்மா."

"கேள்வி அது இல்லை" என்றார் தர்மலிங்கம், சிரித்தபடியே.

"அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியுமுங்க. நான்தான கொள்ளி வச்சேன். ஆஸ்பத்திரில கெடந்தப்ப என்னையக் கேட்டாளா? அத மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

யாரும் எதுவும் சொல்வதற்குள் சந்திரிகா தட்டிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு மினுங்கியது. திரையில் ஏதோ வந்தது. பின்னாலிருப்பதிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று வருவதாகச் சந்திரிகா படித்தாள்.

ஆனால் கேள்வி உள்ளே கந்தையாவின் திரையிலும் வந்திருக்க வேண்டும். நாங்கள் ஒருநாளும் பார்க்காத ஒன்றைப் பார்த்தோம். முதுகு திரும்பியது. கண்ணாடிக் கதவு திறந்தது. கந்தையா சப்பாத்தைக்கூடப் போடாமல் காலுறையோடு வெளியே வந்தார். குளிர்காற்று அவரோடு வந்து எங்கள் மேல் பட்டது.

"ஓம், கேட்டவ," என்றார். "ஒவ்வொரு நாளும் கேட்டவ. அந்த நர்ஸ் மிஸ்ஸி ஆஸ்பத்திரியிலயிருந்து போன் எடுக்கிற நேரமெல்லாம் சொல்லுவா, புருசன வரச் சொல்லுங்கோ, பொம்பிள வாசலையே பாத்துக்கொண்டு கிடக்கு எண்டு. நான் எல்லாத்தையும் அடிச்சுப் போட்டனான். இரண்டாம் நாளே கவலைக்கிடம் எண்டு அடிச்சனான், வெள்ளிக்கிழமை செத்துப்போனதையும் அடிச்சனான். முன்னுக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன். இந்த மனுசன் ஏன் இன்னும் போகேல்ல எண்டு உம்மில கோபமாக்கூட இருந்தனான், தம்பி."

தர்மலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அவர் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "கவனித்தீர்களா? தகவல் முழுவதும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. பெரிய கம்ப்யூட்டர் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது!"

பெரியவர்களில் ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் உடையப்பன் கந்தையாவைக் கேட்டான். "வேற என்னாங்க கேட்டா?"

கந்தையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசியா வியாழக்கிழமை ஒண்டு கேட்டவ. ஆடு குட்டி போட்டிட்டுதோ எண்டு உங்களிட்டக் கேட்டுச் சொல்லட்டாம். பதிலுக்காக மிஸ்ஸி போன வைக்காமக் காத்துக்கொண்டு நிண்டவ. நான் கேள்விய அடிச்சுப் போட்டுப் பாத்துக்கொண்டு இருந்தன். முன்னுக்கிருந்து ஒண்டும் வரேல்ல."

உடையப்பன் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். கழுத்தைச் சிரமப்பட்டுத் தாழ்த்தி, கந்தையாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"போட்டுருச்சுங்க. ரெண்டு குட்டி. ரெண்டும் பொட்டை. நல்லா இருக்குதுன்னு சொல்லிருங்க."